வெட்டி வைத்த மூச்சு

அறுநூற்றுப் பன்னிரண்டு மூச்சுகள் இருந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மதியம் எண்ணிப் பார்த்தபோது அறுநூற்றுப் பதின்மூன்று இருந்தன.

ஏதோ ஒன்றைக் கவனக்குறைவாக இரண்டு முறை ஒட்டிவிட்டோம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். லேப்டாப் திரையில் வரிசையாக அடுக்கியிருந்த சின்னச் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு மூச்சும் அவளுக்கு அடையாளம் தெரியும். மூக்கடைப்போடு பேசிய வாரத்து மூச்சு கரகரத்தது. மழை நாளில் இழுத்ததற்குப் பின்னால் தகரத்தில் நீர் விழும் இரைச்சல் மெல்லியதாகக் கேட்டது. பழைய வீட்டில் பதிந்தவற்றில் ஃபிரிட்ஜின் உறுமல் அடியில் ஓடியது. கடைசித் துண்டுக்கு வந்ததும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நீளமான, நிதானமான மூச்சு. யாரோ எந்த அவசரமும் இல்லாமல் அடிவயிறு வரைக்கும் இழுத்தார்கள். அதற்குப் பின்னால் ஃபேன் இல்லை, தெரு இல்லை, சுவர் இல்லை. எந்த அறையிலும் இல்லாத ஒருவர் இழுத்த மூச்சாக அது இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. முன்னறையின் இரண்டு ஜன்னல்களையும் ஒத்திகைக்காகக் கறுப்புத் துணியால் மூடியிருந்ததால் வெளியே உச்சி வெயில் அடிக்கும்போதும் உள்ளே இருட்டு அப்பிக் கிடந்தது. கரித்தூளின் வாசனையும், ப்ரொஜெக்டர் பல்பின் சூட்டில் தூசி கருகும் வாசனையும், காலையில் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த காபி டம்ளரின் வாசனையும் கலந்து வீசின. கீழே இரண்டாவது மாடியில் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. அவளைத் தவிர அந்த வீட்டுக்குள் யாரும் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

குரலை வைத்துப் பிழைப்பவள் அவள். லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று சொல்வதும், போனில் 'சற்றுக் காத்திருங்கள்' என்று கெஞ்சுவதும், ரயில் எத்தனை மணிக்கு எத்தனையாவது நடைமேடைக்கு வரும் என்று அறிவிப்பதும் அவள்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும். எதிர் வீட்டுக்காரருக்கு அவள் முகம் தெரியாது. சில நாட்களில் மைக்கைத் தவிர வேறு யாரிடமும் பேசாமலே பொழுது போய்விடும்.

இந்த வேலையில் மூச்சு கேட்கக் கூடாது. பேசுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு வாய் காற்றை இழுப்பார் இல்லையா, பதிந்த பிறகு அதை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டி எடுக்க வேண்டும். எடுத்தால்தான் குரல் சுத்தமாக இருக்கும். வெட்டியதை எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவளுக்கு மனசு வரவில்லை. தேறியதையெல்லாம் ஒரே ஃபைலில் சேர்த்து வைத்தாள். தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அரிசிய ஊருக்குக் குடுத்துட்டு தவிட நீ வச்சுக்கோக்கா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அந்த ஃபைலுக்குப் பெயர் தவிடு.

தங்கையை வீட்டில் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். பிழைப்பு போக, வருஷத்துக்கு நாலைந்து முறை அக்காளும் தங்கையுமாக மேடை ஏறினார்கள். இவள் கவிதையின் ஒரு வரியைச் சொல்லி, அதை மைக்கில் பிடித்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் அடுத்த வரியை ஏற்றுவாள். குரல் மேல் குரலாகச் சேர்ந்து கடைசியில் ஒரு கூட்டமே பேசும். சின்னவள் பழைய ப்ரொஜெக்டரின் கண்ணாடியில் கரித்தூளும் தண்ணீரும் விட்டு விரலால் வரைவாள். அது சுவரில் ஆளுயரத்துக்கு விழுந்து குரலோடு சேர்ந்து அசையும். கவிதையா, பாட்டா, படமா என்று கேட்டவர்களுக்கு இருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. உறவுக்காரர்கள், 'ரெண்டும் சேந்து என்னமோ சவுண்ட் விடுதுங்க' என்று முடித்துக்கொண்டார்கள்.

பிறகு சின்னவளின் வயிற்றில் இருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். கை தானாகப் போய் ரெக்கார்டரை அழுத்தியது. நல்ல சத்தம் கிடைத்தால் விடக் கூடாது என்பது அந்தக் கையின் பழக்கம். மூன்று மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் அந்த அழுகையை வேகம் குறைத்து, ஆழப்படுத்தி, மற்ற குரல்களுக்கு அடியில் ஓடவிட்டாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். வந்திருந்த எண்பது பேருக்கும் தெரியவில்லைதான். அழுதவளுக்குத் தெரிந்தது.

சின்னவள் கையை நிறுத்தாமல் கடைசி வரைக்கும் வரைந்தாள். கைதட்டல் முடிந்ததும் விரல்களைக் கழுவினாள், பையை எடுத்துக்கொண்டாள். "அதக்கூட விட்டுவைக்கலையாக்கா நீ" என்று மட்டும் கேட்டாள். பதினான்கு மாதமாகப் பேச்சு இல்லை.

இந்தச் சனிக்கிழமை அவள் முதல் முறையாகத் தனியாக மேடை ஏறுகிறாள். சொல்லே இல்லாத கவிதை. தவிட்டில் இருக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு மூச்சுகளையும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடவிடப் போகிறாள். பேச வாயெடுத்து, பேசாமல் நின்றுபோன அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை. சின்னவளுக்குப் புரியும் என்று நம்பினாள். 'என்னை மன்னிச்சிடு' என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். அதற்குத் துப்பில்லாமல் இருபது நிமிஷத்துக்கு மூச்சு இழுத்துக் காட்டக் கிளம்பியிருந்தாள். அழைப்பிதழை அனுப்பியாயிற்று. சின்னவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

அதனால், எங்கிருந்தோ வந்த அறுநூற்றுப் பதின்மூன்றாவது மூச்சைத் திங்கட்கிழமை அழித்தாள். செவ்வாய்க்கிழமை அது திரும்ப இருந்தது.

செவ்வாய் மாலை கதவைத் தட்டியது கீழ் மாடித் தையல்கார அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் பாதி தைத்த சட்டையோடு வாசலில் நின்றாள்.

"ஏம்மா, உனக்கு வீசிங் இருக்கா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"மூச்சு இழுக்குற சத்தம் கீழ வருது. இழுக்குறதுதான் கேக்குது, விடுறது கேக்கவே இல்ல. எப்ப விடுவேன்னு நானும் ஊசியக் கையில வச்சுகிட்டே உக்காந்திருக்கேன். ஒரு சட்டைகூட முடிக்க முடியல."

"ஒத்திகைதான்க்கா. ஸ்பீக்கர்ல ஓடுறது."

"அதானே பாத்தேன். மனுசங்கன்னா விட்டுத்தானே ஆகணும்." தையல்கார அம்மா நிம்மதியாகத் திரும்பினாள். இரண்டு படி இறங்கியவள் நின்று, "மத்தியானம் மூணு மணிக்கு மட்டும் போடாத. அப்பதான் கொஞ்சம் கண் அசருவேன்" என்றாள்.

மூன்று மணிக்கு அவள் வீட்டில் இல்லை. நிகழ்ச்சி நடக்கும் அரங்கத்தைப் பார்க்கப் போயிருந்தாள். கிளம்புவதற்கு முன் எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்ததும் நினைவிருக்கிறது. கதவை மூடிவிட்டு அறைக்கு நடுவில் வெகுநேரம் நின்றாள். ஃபேனை நிறுத்தியிருந்தாள். ஜன்னல்கள் அடைத்திருந்தன. ஆனால் ஜன்னல் துணிகளின் அடிவிளிம்பு சுவரைவிட்டு விலகி அறைக்குள் ஒரு சாண் நீண்டு நின்றது. இரண்டு ஜன்னலிலும் அப்படியே. இரண்டும் சாய்ந்திருந்தது மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் பக்கம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணிகள் மெல்லத் தளர்ந்து சுவரோடு ஒட்டின.

புதன்கிழமை ஒரு புது லிஃப்ட் கம்பெனிக்கு நாற்பது வாக்கியங்கள் பதிய வேண்டியிருந்தது. மனம் வேலையில் நிற்காததால் மூச்சை வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனை எடுத்தபோது ஸ்டூடியோக்காரரின் குரல் செய்தி வந்திருந்தது. "மேடம், வழக்கம்போல சுத்தமா இருக்கு. ஒரு மூச்சுகூட இல்ல. எப்படித்தான் இவ்ளோ நறுக்குன்னு வெட்டுறீங்களோ."

அவள் தன்னிடம் இருந்த பதிவைத் திறந்தாள். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில், மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை இருந்தது. ஃபேன் சத்தம்கூட அந்த இடத்தில் கிடையாது. யாரோ துல்லியமாகக் கத்தரித்து எடுத்த பள்ளங்கள். நாற்பது பள்ளங்கள்.

தவிட்டைத் திறந்தாள். அறுநூற்று ஐம்பத்து மூன்று.

கடைசி நாற்பது மூச்சும் அவளுடையவை. அவற்றுக்குப் பின்னால் இதே அறை இருந்தது. இதே ஃபேன், இதே தையல் மெஷின், நடுவில் தெருவில் போன லாரியின் ஹாரன். அன்று காலை அவள் இழுத்தவை. அவள் இழுத்ததாக நினைத்தவை.

அன்று சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டாள். நெஞ்சு ஏறி இறங்கியது. வாயைத் திறந்து எவ்வளவு இழுத்தாலும் காற்று தொண்டையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது, அவளுக்கு வந்து சேரவில்லை. கடைக்காரரிடம் 'அரை லிட்டர்' என்று சொல்லியிருந்தாள். 'கொடுங்கள்' என்பதற்குக் காற்று மிஞ்சவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஸ்பீக்கர் அணைந்துதான் இருந்தது. நீளமாக, நிதானமாக, ருசித்து இழுக்கும் சத்தம்.

வியாழக்கிழமை அவள் தவிட்டை அழிக்க உட்கார்ந்தாள். முழு ஃபைலையும் தேர்ந்தெடுத்தாள். அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது. ஆமாம் என்பதன் மேல் விரலை வைத்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழித்தால் சனிக்கிழமைக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை இல்லையென்றால் சின்னவளும் இல்லை. அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் அதுதான். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. பதினான்கு மாதமாக அந்த வீட்டில் அவளைத் தவிர ஒரு மூச்சுச் சத்தம் கேட்டதில்லை. ராத்திரிகளில் படுக்கையில் கிடந்து தன் மூச்சை மட்டும் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. இப்போது அடுத்த அறையில் யாரோ இருந்தார்கள். பயமாக இருந்தது. தனிமை கொஞ்சம் குறைந்தும் இருந்தது. அழிக்காமல் லேப்டாப்பை மூடினாள்.

வெள்ளிக்கிழமை மாலை கடைசி ஒத்திகை. வெயில் இன்னும் மொட்டை மாடிகளில் மிச்சம் இருந்தது. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கறுப்புத் துணிகளை இழுத்து விட்டாள், ப்ரொஜெக்டரைப் போட்டாள், கண்ணாடியில் கரித்தூளைத் தட்டி விரலால் பரப்பினாள். சுவரில் ஒரு சாம்பல் நிற வெளி விரிந்தது. எதிலும் சின்னவளின் நேர்த்தி இல்லை. ஆனாலும் போதும் என்று தோன்றியது. தவிட்டை ஓடவிட்டாள்.

மூச்சு. மூச்சு. மூச்சு. முதல் சில நிமிடங்கள் அவள் தன் வயதையே கேட்டுக்கொண்டிருந்தாள்: இருபத்தேழு வயதின் மூச்சு, முப்பதின் மூச்சு, அம்மா இறந்துபோன வாரத்தில் நெஞ்சடைத்து இழுத்த மூச்சு. ஒவ்வொன்றும் பேச்சின் வாசலுக்கு வந்து நின்றது. எதுவும் பேசவில்லை. பத்தாவது நிமிடத்தில் ஜன்னல் துணிகள் சுவரைவிட்டு விலகின. பன்னிரண்டாவது நிமிடத்தில் மேஜை மேல் இருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாக நழுவித் தரையில் தேய்ந்துகொண்டே மூலைக்குப் போயின. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கரித்தூள் நகர்ந்தது. மெல்லிய கோடுகளாகப் பிரிந்து, எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம். சுவரிலும் அதே கோடுகள், ஆளுயரத்தில், ஸ்பீக்கர் இருந்த மூலையை நோக்கி ஓடின.

நிறுத்தலாம் என்று லேப்டாப் பக்கம் எழுந்தாள். இரண்டு அடிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். நெஞ்சு விரியவில்லை. அசையக்கூட இல்லை.

தவிடு ஓடி முடிந்தது.

அமைதி. துணிகள் விறைத்து நின்றன. தெருவில் சைக்கிள் மணி அடித்தது.

அவள் காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு. மூச்சு இல்லாமல் இருப்பது வலிக்கவில்லை. தலை சுற்றவில்லை. கண் இருட்டவில்லை. வலித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது கண்ணாடியில் ஏதோ படிந்தது.

ப்ரொஜெக்டர் கண்ணாடி எப்போதும் சூடாக இருக்கும், தொட்டால் சுடும். அதில் ஈரம் படியாது. ஆனால் சுவரில் ஒரு வெண்மை பூத்தது. முதலில் உள்ளங்கை அளவு. பிறகு முகம் அளவு. பிறகு கதவு அளவு. குளிர்காலத்தில் ஜன்னலுக்கு மிக அருகில் நின்று யாராவது வாயால் ஊதினால் படியுமே, அந்த ஆவி. அது படிந்தது, விளிம்பிலிருந்து மெல்லச் சுருங்கியது. மறுபடி படிந்தது.

கூடவே சத்தம். அவள் இந்த வாரம் முழுவதும் ஒரு தடவைகூடக் கேட்காத சத்தம்.

அது மூச்சை வெளியே விட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. போன் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இருந்தது. திரையில் சின்னவள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு. அவள் கையை நீட்டினாள், எட்டவில்லை. மணி நின்றது. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

"அக்கா?" சின்னவளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நான்தான். அழைப்பு பாத்தேன். வரலாமா வேணாமான்னு ஒரு வாரமா யோசிச்சுட்டு இருக்கேன். நீ ஒரு வார்த்த கேட்டியா, ஒரே ஒரு வார்த்த? அதக் கேக்கத்தான் போன் பண்ணேன். பேசுக்கா."

அவள் வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. தொண்டைக்குள் ஒன்றுமில்லை.

"குட்டி" என்றது அவள் குரல்.

மூலையிலிருந்து வந்தது. லிஃப்டின் குரல் அல்ல, ரயில் நிலையத்தின் குரல் அல்ல. சின்னவளிடம் மட்டும் அவள் பேசும் குரல். அது பேச ஆரம்பித்தது, நிறுத்தவில்லை, நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை:

"நீ உள்ள அழுதுட்டு இருந்த, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன், உள்ள வந்து உன்ன மடியில போட்டுக்கிட்டிருக்கணும், பண்ணல, பொத்தான அமுக்கினேன், அதக் கேட்டு நல்லா இருக்குன்னு நினைச்சேன், அந்த நினைப்புதான் குட்டி என்ன விடல, உன் புள்ளைக்கு நான் பெரியம்மா, ஆனா அது போனத நான் எடுத்து மேடையில போட்டுட்டேன், உன்கிட்ட சொல்லணும்னு தினமும் வாயெடுத்தேன், தினமும் முழுங்கிட்டேன், தப்பு பண்ணிட்டேன்டா, என்ன மன்னிச்சிடு, மன்னிக்கலன்னாலும் பரவால்ல, ஒரு தடவ வந்து என் எதிர்ல உக்காரு."

ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. அவள் விழுங்கியவை. ஒன்றுகூடப் பொய்யில்லை. சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கே அழுகை வந்திருக்கும், அழுவதற்குக் காற்று இருந்திருந்தால்.

மறுமுனையில் சின்னவள் அழுதாள். மூக்கை உறிஞ்சினாள். "இத எப்பவோ சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். பிறகு, "கிளம்பி வரேன். பஸ்ஸுல முக்கால் மணி நேரம். போன வைக்காத, பேசிக்கிட்டே இரு."

"வைக்கல. வா" என்றது குரல். "படி ஏறும்போது மெதுவா ஏறு. மூச்சு வாங்கிடாத."

முக்கால் மணி நேரம்.

அவள் கதவுக்குப் போனாள். படிக்கட்டுப் பக்கம் திறக்கும் கதவு. தள்ளினாள். உள்ளிருந்து காற்று அதை இழுத்துப் பிடித்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவள் தோளில் கனமே இல்லை. ஜன்னல் துணியைப் பிடித்து இழுத்தாள், அது அவள் கையை மதிக்கவில்லை. தரையைக் காலால் உதைத்தாள். மூன்று முறை. நான்கு முறை. கீழே மெஷின் நின்றது. தையல்கார அம்மா அளவுகோலால் கூரையை இரண்டு தட்டு தட்டினாள். கேட்குது, சரி, என்பதற்கு அவள் எப்போதும் தட்டும் தட்டு. மெஷின் மறுபடி ஓடியது.

அறையில் சின்னவள் பேசிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் இடம் கிடைத்தது என்றாள். பக்கத்தில் ஒரு குழந்தை கையை ஆட்டுகிறது என்றாள். குரல் பொறுமையாகப் பதில் சொன்னது. சிரித்தது. சின்னவளையும் சிரிக்க வைத்தது. அவள் அப்படிச் சிரிக்க வைத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

கண்ணாடிக்கு வந்தாள். மிச்சக் கரித்தூளை ஒதுக்கி விரலால் எழுதினாள். வராதே. சுவரில் ஆளுயரத்துக்கு எழுந்தது. வராதே. வாசலில் நிற்பவருக்குக் கட்டாயம் தெரியும். பிறகு மூலை லேசாக இழுத்தது. எழுத்துகள் கலைந்தன. தூளாகப் பறந்து போயின. மறுபடி எழுதினாள். மறுபடி இழுத்தது. மூன்றாவது முறை எழுதத் தூள் இல்லை.

"ஸ்டாப் வந்துருச்சுக்கா" என்றாள் சின்னவள்.

கீழே தெருக்கதவு. காலடிகள். முதல் மாடி. இரண்டாவது மாடி. தையல்கார அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம். மூன்றாவது மாடிப் படிகள். மெதுவாகத்தான் ஏறினாள். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தாள்.

மூலை மூச்சை விட்டது. துணிகள் சுவரில் ஒட்டின. கதவு தானாகத் திறந்துகொண்டது.

சின்னவள் வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். கன்னம் ஈரமாக இருந்தது. வெளிச்சத்திலிருந்து வந்த கண்கள் இருட்டைத் துழாவின.

"அக்கா?"

அவள் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கை எட்டும் தூரம். சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது அவளுக்குத் தெரிந்தது. சின்னவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "ஏன்க்கா இவ்ளோ ஜில்லுனு வச்சிருக்க" என்றாள். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

"இங்க இருக்கேன் குட்டி" என்றது குரல். "வா."

சின்னவள் சிரித்தாள். அழுதாள். அவளைத் தாண்டி நடந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்து அதன் முகப்பில் இருந்த கறுப்பு வலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்ப்பவள் பார்வையோடு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சுவரில் வெண்மை சுருங்கியது. சுருங்கி இல்லாமல் போனது.

"இப்ப நீ சொல்லு" என்றது குரல். "எல்லாத்தையும் சொல்லு."

சின்னவள் பேச வாயைத் திறந்தாள்.

அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி அசைந்தது. மெல்ல எழுந்தது. ஒவ்வோர் இழையாக, நேராக, ஸ்பீக்கரை நோக்கி நீண்டு நின்றது.